ஊற்றடி அவுலியா

நாவலடிக் குளத்து வட்டவிதானை மீராசாஹிபு எங்கே வேண்டுமானாலும் தூங்கக்கூடியவர். வண்டிலில் தூங்குவார், வரம்பில் தூங்குவார், வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் தண்ணீர்ச் சண்டை உச்சத்தில் நிற்கும்போது வாயை இலேசாகத் திறந்துகொண்டு தூங்குவார். யாராவது தோளைத் தட்டினால் கண்ணைத் திறந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் மாதிரிச் சரியான தீர்ப்பைச் சொல்வார். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் கையை உயர்த்தி அவரையே விதானையாகத் தெரிவு செய்தார்கள். இப்படித் தூங்குகிற மனிதருக்கு வஞ்சகம் வைக்க நேரம் ஏது?

விதானை என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்முனைப் பக்கத்துச் சவளக்கடைக்கு மேற்கே கிடந்த அந்தச் சின்னக் குளத்தின் துருசைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவதும், மூடுவதும், குளக்கட்டில் மாடு ஏறாமல் பார்ப்பதும், எலி தோண்டிய வளைகளை அடைப்பதும்தான் வேலை. குளக்கட்டை யார் கட்டியது, எந்தக் காலத்தில் கட்டியது, ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒருமுறை மண் போட்டு உயர்த்தினார்களாம். பிறகு மாரி கொஞ்சம் கரைத்தது, வெயில் கொஞ்சம் வெடிக்க வைத்தது. ஊரில் வாய் திறந்தால் எல்லாரும் இங்கினியாகலைப் பெரிய அணையைப் பற்றித்தான் கதைத்தார்கள். நாவலடிக் கட்டைப் பற்றிக் கதைக்க யார் இருந்தார்கள்? மீராசாஹிபு ஒருவர்தான் இருந்தார், அவரும் அதன் மேலே படுத்துத் தூங்கினார்.

அப்படித் தூங்கியபோதுதான் அந்தக் கனவு வந்தது. நாற்பத்தாறாம் ஆண்டு, உலக யுத்தம் முடிந்து வந்த முதல் தை மாதத்து மத்தியானம். லுஹர் தொழுதுவிட்டுக் கட்டின் மேல் நின்ற மருதமரத்து நிழலில் சாய்ந்தார். கண் மூடியதும் குளத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் எழுந்து நின்றது. தாமரை இலைகளும் கொக்குகளும் இருந்த இடத்திலேயே அதில் ஒட்டிக்கொண்டு நின்றன. தண்ணீருக்குள்ளால் ஒருவர் நடந்து வந்தார். உடுத்திருந்த வெள்ளை நனையவில்லை. கட்டைக் கடந்து மறுபக்கம் போய், அடிவாரத்தில் குந்தியிருந்து, தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற மாதிரி, ஒழு எடுத்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் வழிந்து மண்ணில் போனது. பிறகு அண்ணாந்து மீராசாஹிபைப் பார்த்துச் சிரித்தார். அந்த மாதிரி அன்பாக அவரைப் பார்த்து யாருமே சிரித்ததில்லை, பெற்ற வாப்பாகூட.

விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. எழுந்து அடிவாரத்துக்கு ஓடினார். அவர் குந்தியிருந்த அதே இடத்தில் மண் நனைந்திருந்தது. நூல்போல ஒரு தண்ணீர், கண்ணீர் மாதிரித் தெளிவாக, ஊறி வந்துகொண்டிருந்தது.

குளக்கட்டின் அடியில் தண்ணீர் கசிந்தால் உடனே தேடி அடைக்கவேண்டும் என்று எந்த விதானைக்கும் தெரியும். மீராசாஹிபுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் விதானையாகவா இருந்தார்? கனவு கண்ட மனிதராக அல்லவா இருந்தார்! இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். இனித்தது. வீட்டுக்குப் போய் மனைவி ஸகியாவிடம் சொன்னார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிவதற்குள் அந்தக் கனவு ஊருக்கே சொந்தமாகிவிட்டது.

மாடு வந்து ஊற்றை மிதிக்கக் கூடாதே என்று மூன்று வண்டில் புற்றுமண் ஏற்றி வந்து, நீர் தெளித்து, கட்டையால் இடித்து, ஊற்றின் பக்கத்தில் ஒரு மேடு கட்டினார். ஊற்றையும் சேர்த்து மேலே தென்னங்கிடுகுக் கூரை போட்டார். ஏன் அதை ஓர் ஆள் நீளத்துக்குக் கட்டினீர் என்று கேட்டால் என்ன சொல்வார்? கை அப்படிப் போய்விட்டது. அடுத்த வாரம் ஆதம்பாவா போடியார், அந்த வயற்கண்டத்திலேயே பெரிய வயல்காரர், பச்சைப் பட்டுப் போர்வை ஒன்று வாங்கிவந்து மேட்டில் போர்த்தினார். “கபுறு நல்ல வடிவா இருக்கு விதானையார்” என்றார். மீராசாஹிபு வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவ்வளவுதான் அவர் செய்த பிழை. இறைநேசர் ஒருவர் அங்கே அடங்கியிருக்கிறார் என்று ஊர் முடிவு செய்து, ஊற்றடி அவுலியா என்று பெயர் வந்துவிட்டது. வருடாவருடம் கந்தூரி, தேக்கிலையில் சோறு, வியாழன் பின்னேரங்களில் சாம்பிராணி. ஊற்றுத் தண்ணீர் போத்தலில் ஏறிக் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பஸ்ஸில் போனது. சொறிக்கல்முனைச் சூசைப்பிள்ளை, கிறிஸ்தவ வேதக்காரன், அவன்கூடத் தன் பசுவின் மடி வீங்கியபோது வந்து ஒரு செம்பு அள்ளிக்கொண்டு போனான். மீராசாஹிபின் மகள் நபீலா சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து கண் சொருகியபோது, ஸகியா இரவும் பகலும் அந்தத் தண்ணீரைத்தான் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். பிள்ளை எழும்பிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த மனிதனுக்கு வாய் வரும்? இந்த வருடம் சொல்லிவிடலாம், அடுத்த கந்தூரிக்குச் சொல்லிவிடலாம் என்று மீராசாஹிபு தள்ளித் தள்ளிப் போட்டார். பள்ளிவாசல் மோதினார் பாத்திஹா ஓதும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு தூங்குகிற மாதிரி இருந்தார். உண்மையில் அந்த நேரம் மட்டும் அவருக்குத் தூக்கம் வந்ததேயில்லை.

பிறகு வந்தது ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி.

மழை பதினொரு நாளாக விடவில்லை. முதல் நாலு நாள் அது மழையாக இருந்தது. பிறகு அது மழையென்றே தோன்றவில்லை. வானம் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. மத்தியானமும் விடியற்காலையும் ஒன்று போலிருந்தன. ஆட்கள் கதைப்பதுகூடத் தூரத்தில் யாரோ கதைப்பதுபோல் கேட்டது. கல்முனை வீதி தண்ணீருக்குள் போய்விட்டது. நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து யாரும் வரமுடியாது, இங்கிருந்து யாரும் போகவும் முடியாது. குளம் நிரம்பி, மிகுநீர் வழிகிற வான் முட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. மீராசாஹிபு நாளுக்கு நாலு தரம் கட்டின்மேல் நடந்து பார்ப்பதும், ஈரச் சாறனோடு வீட்டுக்கு வந்து கண்ணயர்வதுமாக இருந்தார். கனவிலும் தண்ணீர்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஸகியா அவரை உலுப்பினாள்.

“இஞ்ச எழும்புங்க. இதப் பாருங்க.”

அவள் கையில் ஊற்றுத் தண்ணீர் அள்ளிய போத்தல். மேலே தெளிந்திருந்தது. அடியில் விரல் தடிப்புக்குச் செம்மண் படிந்து நின்றது.

“நேத்துப் பின்னேரம் அள்ளின தண்ணி. அடியில மண் நிக்குது. அவுலியாக்கு நம்மளில ஏதும் கோவமா?”

மீராசாஹிபு எழுந்து உட்கார்ந்தார். “எப்பயிருந்து இப்படி?”

“முந்தநாளும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்திச்சு. மழத்தண்ணி கலந்திரிச்சாக்கும் எண்டு உட்டுட்டன்.”

“கூரைக்குக் கீழ மழத்தண்ணி எப்பிடிப் புள்ள கலக்கும்?”

அவர் போத்தலை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். தெளிந்த நீராகக் கசியும் கட்டு இருபது வருடமும் கசிந்துகொண்டு நிற்கும். கலங்கிய நீராகக் கசிந்தால் கட்டின் உள்வயிற்றிலிருந்து மண் போகிறது என்று அர்த்தம். உள்ளே குகை விழும், குகை பெரிதாகும், பிறகு ஒரு நாளில், ஒரு மணித்தியாலத்தில், கட்டு உட்கார்ந்துவிடும். கட்டுக்குக் கீழே நாற்பது வீடுகள், எல்லாம் களிமண் சுவர். அதில் மூன்றாவது வீட்டில் நபீலா நிறைமாதமாக இருந்தாள். ஓடுவது என்றால் எங்கே ஓடுவது? சுற்றிவரத் தண்ணீர். மேடு என்று இருந்தது அந்தக் கட்டு ஒன்றுதான்.

அவர் ஓடினார். அந்த மனிதர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கட்டின் மேல் ஏறி, ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்துத் தண்ணீரில் தூவினார். வைக்கோல் தாள்கள் மழையில் ஆடி ஆடிக் கலைந்து போயின. ஆனால் மருதமரத்துக்கு நேரே, கரையிலிருந்து இரண்டு ஆள் நீளத் தூரத்தில், சில தாள்கள் மட்டும் போகவில்லை. மெதுவாக வட்டமிட்டன. ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து நின்றன, பிறகு சத்தமில்லாமல் உள்ளே போயின. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மீராசாஹிபு ஒரு கணம் தானும் அப்படியே சுற்றிச் சுற்றிப் போய்விடலாம் போல நின்றுவிட்டார். ‘இது கனவாக இருக்கட்டும் ரப்பே’ என்று மனசுக்குள் கேட்டார். மழை அவர் கழுத்துக்குள் வழிந்தது. கனவில் இப்படிக் குளிராது.

“அல்லாஹ்வே! கட்டு உறிஞ்சுது! வாங்கடா எல்லாரும்!”

ஊர் வந்தது. ஆண்கள் சாக்கோடும் மண்வெட்டியோடும் வந்தார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கட்டின்மேல் ஏறினார்கள். நபீலாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மருதமரத்தடியில் இருத்தினார்கள். சொறிக்கல்முனைப் பக்கத்திலிருந்து சூசைப்பிள்ளை ஏழெட்டுப் பேரோடு நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தான். கட்டு உடைந்தால் அவன் வயலும்தான் போகும்.

மீராசாஹிபு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிக் காலால் தேடினார். நெஞ்சளவு ஆழத்தில் அந்த வாய் அகப்பட்டது. கால் இழுபட்டது. மண் சாக்கை அதன் மேல் போட்டார்கள். சாக்கு கிடந்தது, உள்ளேயிருந்த மண் கரைந்து ஓடியது. இன்னொன்று போட்டார்கள், அதுவும் அப்படியே. பதினேழு சாக்குப் போட்டும் சுழி நிற்கவில்லை.

சூசைப்பிள்ளை கையில் மண்ணைப் பிசைந்து பார்த்தான். “விதானையார், இது மண் இல்ல, கஞ்சி. பன்னண்டு நாள் ஊறின மண் எங்க நிக்கப்போகுது? காஞ்ச களி வேணும். இடிச்ச களி.”

“காஞ்ச மண்ணுக்கு எங்கடா போறது?” என்றார் ஆதம்பாவா போடியார். “உலகமே நனைஞ்சு கிடக்கு.”

எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். மீராசாஹிபு மட்டும் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். கட்டின் அடிவாரத்தில், பன்னிரண்டு வருடமாக ஒரு துளி மழை படாமல், வருடாவருடம் அவரே புதுக்கிடுகு மாற்றிக் காத்த கூரைக்குக் கீழே, மூன்று வண்டில் புற்றுமண் கல்லாகக் கிடந்தது. அவர் தண்ணீரிலிருந்து ஏறினார். ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கினார். என்ன செய்யப்போகிறார் என்று போடியாருக்கு விளங்குவதற்குள் கூரைக்குள் போய்ப் பச்சைப் போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்தார்.

போடியார் வழுக்கி விழுந்து எழும்பி வந்து குறுக்கே நின்றார். “என்ன செய்யப் போறயள்? மையித்து கிடக்கிற இடத்தயா? தவ்பா, தவ்பா! என்ட தலை போனாலும் உடமாட்டன்!”

கட்டின்மேல் நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஊற்று இவர்கள் இருவரின் காலடியில் தேத்தண்ணி நிறத்தில், கைத்தடிப்பில் குமுறிக்கொண்டு வந்தது. மீராசாஹிபு அந்தச் சிரிப்பை நினைத்தார். அதை விட்டால் தன் வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது? துருசு, வரம்பு, எலி வளை, தூக்கம். பிறகு மருதமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“போடியார், இதுக்குள்ள மையித்து இல்ல.”

“என்ன கதைக்கிறீங்க?”

“இது கபுறு இல்ல. நான் அள்ளிப் போட்ட மண். மூணு வண்டில் புத்துமண். மாடு மிதிக்கப்படா எண்டுதான் கட்டினன். நீங்க வந்து கபுறு எண்டு சொன்னீங்க. நான் வாயப் பொத்திட்டு இருந்திட்டன். பன்ரெண்டு வருசம் பொத்திட்டு இருந்திட்டன்.”

போடியார் போர்வையைக் கையால் தடவினார். “அப்ப நான் குடுத்த கந்தூரி? ஓதின பாத்திஹா? இந்த ஊர் அழுத அழுகை எல்லாம் மண்ணுக்கா?”

“சோறு நல்ல சோறுதானே போடியார்” என்றான் சூசைப்பிள்ளை மேலேயிருந்து. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் காறித் துப்பினார். ஒரு பெண் “பொய்யன்!” என்று கத்தினாள். “பொய்க்காரன்ட கையாலயா நாம தண்ணி வாங்கிக் குடிச்சம்!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸகியா இறங்கி வந்தாள். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதரைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

“அப்ப கனவு?” என்றாள். “கனவும் பொய்யா?”

“இல்ல புள்ள. அல்லா மேல ஆண, கனவு கண்டன். கனவு மெய். அவர் சிரிச்சது மெய். கபுறுதான் பொய்.”

அவள் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிறகு கேட்டால் மீராசாஹிபுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு மாரிகாலம் அளவு நின்றாள் என்றுதான் சொல்வார். பிறகு அவள் குனிந்து பச்சைப் போர்வையைத் தூக்கினாள். நாலாக மடித்து, கண்ணில் ஒற்றி, போடியாரின் கையில் வைத்தாள். “நீங்க வாங்கினது. நனையாம வெச்சிக்கங்க” என்றாள். மூலையில் கிடந்த ஓலைக் கடகத்தை இழுத்துக் கணவரின் முன்னால் வைத்தாள்.

“வெட்டுங்க.”

அவர் பிஸ்மி சொல்லி ஓங்கி வெட்டினார். மண் பாறை பாறையாகப் பெயர்ந்தது. உள்ளே எலும்பில்லை, துணியில்லை, ஒரு வேர்கூட இல்லை. சிவந்த, காய்ந்த, இடித்த களி. முதல் கடகத்தை ஸகியா தலையில் தூக்கிக்கொண்டு கட்டின்மேல் ஏறினாள். இரண்டாவதைச் சூசைப்பிள்ளை தூக்கினான். துப்பிய மனிதர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவதுக்குக் கையை நீட்டினார். பிறகு வரிசையாக எல்லாரும் வந்தார்கள். போடியார் மட்டும் அசையவில்லை. கடைசியில் போர்வையைச் சுருட்டிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு மேலே போனார். “அந்த மண்ண நான் தொடமாட்டன்” என்றார். “கயித்தப் புடிக்கிறன்.” மீராசாஹிபின் இடுப்புக் கயிற்றைத் தன் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மருதமரத்தில் காலை ஊன்றினார்.

மீராசாஹிபு மறுபடியும் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி நின்றார். காய்ந்த களியைச் சாக்கில் இறுக்கி இறுக்கி இறக்கினார்கள். அவர் காலால் அதை வாய்க்குள் தள்ளி, மேலே ஏறி மிதித்தார். முதலில் அந்த வாய், சின்னப் பிள்ளை சாறனைப் பிடித்து இழுக்கிற மாதிரி அவருடைய காலை இழுத்தது. இரண்டு தரம் அமிழ்ந்தார். இரண்டு தரமும் போடியார் கெட்ட வார்த்தையால் ஏசிக்கொண்டே இழுத்தெடுத்தார். பத்துச் சாக்கு. இருபது சாக்கு. பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் வந்து போனது. கூரைக்குள் மேடு இருந்த இடம் மட்டமாகி, பிறகு பள்ளமாகியது. மிதிக்க மிதிக்க அவருக்கு எல்லாம் மங்கிக்கொண்டு வந்தது. தண்ணீரும் வானமும் ஒன்றாக, தான் நடுவில் நடந்துகொண்டிருக்கிற மாதிரி, அந்தக் கட்டுக்குள்ளால் நடந்து அப்பால் போகிற மாதிரி இருந்தது. அப்பால் யாராவது குந்தியிருப்பார்களா? அண்ணாந்து பார்ப்பார்களா? அவர் தேடினார். ஒருவரும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் காலை இழுத்த பிடி தளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. பிறகு ஒன்றுமே இல்லை, குளத்தடி மண் மட்டும். ஆனால் அடைத்த களி இறுகும்வரை இன்னும் மிதிக்கவேண்டும்.

அடிவாரத்திலிருந்து சூசைப்பிள்ளையின் குரல் கிளம்பியது. “நிண்டுட்டு! விதானையார், ஊத்து நிண்டுட்டு! ஒரு சொட்டு வருகுதில்ல!”

கட்டு முழுக்க ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் முழங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நபீலா மரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். போடியாரின் உள்ளங்கையில் கயிறு அறுத்து இரத்தம் வழிந்தது. அவர் அதைப் பார்க்கவுமில்லை, கயிற்றை விடவுமில்லை.

மீராசாஹிபு தண்ணீருக்குள் நின்றபடி அழுதார். சத்தம் போட்டு அழுதார். ஆண்பிள்ளை, விதானை, ஊர் முழுக்கப் பார்க்கிறது என்ற வெட்கம் ஒன்றும் இல்லாமல் அழுதார். உலகத்தில் அவருக்கென்று கிடைத்த ஒரேயொரு தண்ணீர் அது. அதை அவரே, தன் காலாலேயே, மிதித்து மூடிவிட்டார். இனி அந்த இடத்தில் யாரும் ஒழு எடுக்கப்போவதில்லை.

ஸகியா கரையில் வந்து குந்தினாள். தலையிலிருந்து சேற்றுத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. வெறும் கடகத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த சாக்கை அவர் பக்கம் தள்ளினாள்.

“அழுறண்டா அழுங்க” என்றாள். “மிதிக்கிறத மட்டும் நிப்பாட்டிராதீங்க.”

அவர் சாக்கை வாங்கி இறக்கி, அதன் மேல் ஏறி நின்று, அழுதுகொண்டே மிதித்தார்.